செப்புக்காசில் ஒரு சின்ன உருவம்

பழைய செப்புக்காசைப் படிக்கக் கண் மட்டும் போதாது, வெளிச்சமும் ஒத்துழைக்க வேண்டும். விளக்கை நேராகப் பிடித்தால் காசு தேய்ந்த தோசைக்கல் மாதிரி வெறுமையாகக் கிடக்கும். விளக்கைத் தாழ்த்தி, மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, பக்கவாட்டில் அடித்தால்தான் மேடு பள்ளத்தில் நிழல் விழுந்து உருவம் எழுந்து வரும். இதை நான் எந்தப் பேராசிரியரிடமும் படிக்கவில்லை. திருவண்ணாமலைத் தேரடிப் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். முகத்தில் அம்மைத் தழும்பு தெரியக்கூடாதென்றால் விளக்கை எங்கே வைக்கக் கூடாது என்பது எனக்கு அத்துப்படி. அதே இடத்தில் வைத்தால் காசு தெரியும், அவ்வளவுதான் வித்தை.

பெண்ணையாற்று மணலில் கிடைத்ததென்று ஒருவர் கொண்டுவந்து போட்ட பச்சைக் காசிலிருந்து இந்தப் பைத்தியம் பிடித்தது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த ஒரு காசுப் புத்தகம் வாங்கினேன். அதில் இருந்த படங்களை வைத்துத்தான் அவை ரோமாபுரிக் காசுகள் என்று தெரிந்துகொண்டேன். அந்த சாம்ராஜ்யம் தள்ளாடிய காலத்தில் அச்சடித்துத் தள்ளிய செப்புக்காசுகள் எப்படியோ கப்பலேறி, கைமாறி, நம்மூர் மண்ணுக்குள் வந்து படுத்துவிட்டன. எழுத்து பெரும்பாலும் போயிருக்கும். அதனால் எழுத்தைத் தேடக் கூடாது, பின்பக்கத்துப் படத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு சிப்பாய்கள் நடுவில் கொடியா, கோட்டை வாசலா, குதிரையிலிருந்து விழுந்தவனை ஈட்டியால் குத்துகிறானா, இறக்கை வைத்த பெண் கைதியின் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறாளா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. படம் தெரிந்தால் காலம் தெரியும். காலம் தெரிந்தால் முன்பக்கத்துத் தலை எந்த ராஜாவுடையது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

எனக்கு இதில் கர்வம் உண்டு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருகிறவர்களைத் திட்டி அனுப்புவேன். மண் அத்தனை நூற்றாண்டாகக் காப்பாற்றி வைத்ததை அரைமணி நேரத்தில் பாத்திரம் விளக்குகிற மாதிரி விளக்கிவிட்டு, "இன்னா விலை போவும்?" என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

மழை பொய்த்துப்போன கோடை அது, எழுபதுகளின் நடுவில். கிரிவலப் பாதையில் மரமெல்லாம் எலும்பாக நின்றது. வேங்கிக்கால் பக்கம் இன்றைக்கு ஆபீஸ்கள் இருக்கிற இடத்தில் அப்போது கடலைக்கொல்லைதான். அதுவும் வெந்து கிடந்தது. அப்போதுதான் கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து அந்த விவசாயி வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் துண்டு, ஒட்டிய வயிறு, எதையும் இரண்டு தடவை யோசித்துப் பேசுகிற வாய்.

"காசு பாக்கறவரு நீங்கதானா சார்?"

"விக்க வந்திருந்தா நான் வாங்கறதில்ல."

"விக்க இல்ல சார். இதுல இருக்கறது யாருன்னு தெரியணும்."

இடுப்பு மடியிலிருந்து எடுத்தார். மஞ்சள் துணியில் முடிந்த காசு. எங்கள் பக்கத்தில் சாமிக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைப்பார்கள். வேண்டுதல் நிறைவேறும்வரை அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள். அவர் அவிழ்த்தார். நாலணா அளவில், பச்சைக் களிம்பு மூடிய ஒரு வட்டத் தகடு. கிணறு வெட்டும்போது ஒரு சின்னப் பானையில் கிடைத்ததாகச் சொன்னார். மீதிக் காசுகளைப் பானையோடு திரும்பவும் புதைத்துவிட்டாராம்.

"துணிய மட்டும் இப்பவே திருப்பிக் குடுத்துடுங்க சார்," என்றார்.

காசைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊற ஊறத் தண்ணீரை மாற்றி, கருவேல முள்ளால் களிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். வேறு வேலை ஓடவில்லை. களிம்புக்கு அடியில் அந்தக் காசு நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு காசு என் கைக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. விளக்கைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்து, அரைப் பக்க அளவுக்குப் பெரிதாக்கி பிரிண்ட் போட்டேன். இருட்டறைத் தட்டில் காகிதத்தின் மேல் அது மெதுவாக வெளியே வந்தது. ஒரு மரம். மரத்தடியில் ஒரு குடிசை. தலைக்கவசம் போட்ட ஒருவன் ஒரு கையில் ஈட்டியோடு நடக்கிறான். மறு கையால் குடிசையிலிருந்து ஒரு சின்ன உருவத்தைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போகிறான்.

புத்தகத்தைப் பார்க்காமலே அது என்ன காசு என்று சொல்லிவிட்டேன். சுற்றியிருந்த எழுத்துகூட முக்கால்வாசி படிக்க முடிந்தது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர்கூட அசரவில்லை. அதற்கும் சேர்த்து அந்த விவசாயிக்காகக் காத்திருந்தேன்.

அவர் வந்தார். பிரிண்டைக் கையில் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கொழந்தய எங்க சார் இட்டுனு போறாரு?"

நான் சிரித்தேன். "அவங்க ராஜ்ஜியத்துக்கு. சண்டை முடிஞ்சு இட்டுனு போறான்."

"சுத்தி இன்னா எழுதியிருக்குது?"

"நல்ல காலம் திரும்பி வந்துடுச்சுன்னு."

அவர் முகம் வெளிறியது. எனக்கு அது கண்ணில் பட்டது, ஆனால் மனதில் படவில்லை. படித்தவன் ஒருத்தன் தன் ஊர்க் காசைப் படித்துச் சொன்ன பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டேன். "நல்ல காலம்," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காசை மஞ்சள் துணியில் திரும்ப முடிந்தார். பிரிண்டை மடிக்காமல் துண்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த முறை வந்தபோது ஒரு பெண் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். ஆறு வயதிருக்கும். புதுப் பாவாடை, காதோரம் மஞ்சள், தலை நிறையக் கனகாம்பரம். செத்துப்போன தம்பியின் மகள், தாயும் இல்லை, தன்னோடுதான் இருக்கிறாள் என்றார். அவருக்குக் கல்யாணமாகவில்லை.

"இவள ஒரு போட்டோ எடுத்துடுங்க சார். பெருசா, சட்டம் போட்டு. அமாவாசைக்கு முன்னாடி வேணும்."

குழந்தைகளுக்குப் பவுடர் போட்டுத் தலை வாரி நிற்க வைப்பது என் மனைவியின் வேலை. அவள் அந்தப் பெண்ணுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே, "இன்னாடி கண்ணு விசேஷம்?" என்று கேட்டாள். "தெரியாது. பெரியப்பா எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி உட்டாரு," என்றது குழந்தை. படம் எடுத்தேன். பிலிமை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனபோது மனைவி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, எனக்கு பயமா இருக்குதுங்க."

"எதுக்கு?"

"இவங்க ஊர்ப்பக்கம் கொழந்தய தனியா நிக்க வெச்சு போட்டோ எடுப்பாங்களா? ஆயுசு கம்மியாயிடும்னு கட்டிப்போட்டாலும் ஒத்துக்க மாட்டாங்க. இவரு தானா வந்து கேக்கறாரு. சட்டம் போட்டு வேற."

எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். குடும்பத்தோடு எடுக்கும்போதுகூட, கைக்குழந்தையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிற தாய்மார்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆயுள் குறைந்துவிடும் என்று பயப்படுகிற மனிதர் அந்தப் பயத்தை விட்டுவிட்டார் என்றால், அவர் கணக்கில் அந்தக் குழந்தைக்குக் குறைவதற்கு ஆயுள் மிச்சமில்லை. சிவப்பு விளக்கில் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

குழந்தையைப் பன் வாங்கித்தர மனைவி அழைத்துப் போனாள். நான் அவரை உட்கார வைத்து நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"பானைய எடுத்த நாள்லேர்ந்து ஊத்து அடச்சுக்கிச்சு சார். பாறைக்கு வேட்டு வெச்சா ஆளுக்கு அடிபடுது. கெணறு வெட்டறவங்க எறங்க மாட்டேன்னு போயிட்டாங்க. பானைய காவல் காக்கறது எதையோ கேக்குதுன்னு குறி சொல்றவரு சொன்னாரு. இன்னா கேக்குதுன்னு காசுலயே இருக்கும், படிச்சவங்ககிட்ட காட்டுன்னாரு. நீங்கதான் சார் காட்டுனீங்க."

"என்னய்யா காட்டினேன்?"

"குடிசயிலேர்ந்து கொழந்தய இட்டுனு போறாரு. இட்டுனு போனா நல்ல காலம் திரும்பும்னு எழுதியிருக்குது." துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார். "நான் தூக்கி வளத்த புள்ள சார் அது. ஆனா ஊருக்கே குடிக்கத் தண்ணி இல்ல."

போலீசுக்குப் போவேன் என்று கத்தினேன். "போங்க சார். நான் இன்னும் ஒண்ணும் செய்யலயே," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, யாராவது தன்னைத் தடுத்தால் தேவலை என்கிற மாதிரிதான் சொன்னார். குறி சொன்னவனை நாலு வார்த்தை திட்டினேன். புழுத்துப்போன எங்கள் நாட்டுப் புத்தியைத் திட்டினேன். அவர் துண்டுக்குள்ளிருந்து பிரிண்டை எடுத்து, அந்தச் சின்ன உருவத்தின் மேல் விரலை வைத்தார். திட்டினால் வேலைக்காகாது என்று தெரிந்தது. அவர் நம்பியது என்னையோ குறிகாரரையோ அல்ல, அந்தப் படத்தை. அப்படியானால் படத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

சாயங்காலம் நடை திறந்ததும் அவரைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் ஒரு தூணின் முன் நிறுத்தினேன். சாமி ஆளுயரத்துக்கு நிற்கும். அதன் காலடியில் முழ உயரத்தில் ஒருவர் கும்பிட்டபடி நிற்பார்.

"இது யாரு?"

"யாரோ கட்டிவுட்ட பெரியவரு."

"ஏன் இத்துனூண்டு இருக்காரு? கொழந்தயா?"

"இல்ல சார். சாமி முன்னாடி சின்னவரு."

"நடராஜர் கால்ல மிதிபடறானே முயலகன், அவன் கொழந்தயா?"

"அசுரன் சார் அவன்."

"அதேதான் காசுலயும். கையப் புடிச்சு இட்டுனு போறாரே, அந்தச் சின்ன ஆளு கொழந்த இல்ல. மீசை மொளச்ச ஆம்பள. சண்டையில தோத்துப்போனவன். செயிச்சவனைப் பெருசா போட்டு, தோத்தவனைச் சின்னதா போடறது அவங்க வழக்கம். என் புஸ்தகத்துல இருக்குது, காட்டட்டுமா?"

அவர் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சின்ன மனிதரின் தலையை விரலால் தொட்டார். "அப்போ, அது கேக்கறது கொழந்தய இல்ல," என்றார்.

"எதையும் கேக்கல. அது வெறும் படம்யா!"

"தோத்துப்போன ஆளு," என்றார் அவர்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டவர் முகம் போல இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். சன்னதிக்குப் போனோம். அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார். போளூரில் அவளுக்குத் தாய்மாமன் இருக்கிறான், சொல்லி அனுப்புகிறேன், வந்து அழைத்துப் போவான், அதுவரை இங்கே இருக்கட்டுமா என்று கேட்டார். என் மனைவி அவர் முடிப்பதற்குள் சரி என்றாள். அவரை நம்பி அந்தக் குழந்தையைத் திரும்ப அனுப்ப அவளுக்கு மனமில்லை.

"என்னயும் ஒண்ணு எடுத்துடுங்க சார்," என்றார்.

உட்கார வைத்தேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"பெருசா போடுங்க. என்னச் சின்னதா போட்டுடாதீங்க."

கோயில் தூணை வைத்து வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே படம் எடுத்தேன். போகும்போது மஞ்சள் முடிச்சைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறிப் போனார்.

அமாவாசை கழிந்த மறுநாள் பஸ் கண்டக்டர்தான் சொன்னார். கிணற்றுக்குள் யாரும் இறங்க மாட்டேன் என்றதால் அவரே தோட்டா வைக்க இறங்கியிருக்கிறார். அமாவாசை உச்சிவேளை. திரியைப் பற்றவைத்துவிட்டு ஏறி வருவதுதான் முறை. மேலே நின்றவர்கள் கயிற்றை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் ஏறவில்லை. கால் வழுக்கியிருக்கும் என்று போலீசார் எழுதிக்கொண்டு போனார்கள். உள்ளே குழந்தை என் மனைவியிடம் தலை பின்னிக்கொண்டிருந்தது.

சட்டம் போட்ட அவர் படத்தை எடுத்துக்கொண்டு நானே அந்த ஊருக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தூரத்திலேயே மோட்டார் சத்தம் கேட்டது. வெடித்த பாறைக்கு அடியில் ஊற்று உடைத்துக்கொண்டிருந்தது. பளிங்கு மாதிரித் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. பெண்கள் குடம் குடமாக எடுத்துப் போனார்கள். வேட்டு வைத்தால் சில சமயம் ஊற்று திறக்கும். அவர் மேலே ஏறியிருந்தாலும் அந்தத் தண்ணீர் வந்திருக்கும். இதை யாரிடம் சொல்வது? அந்த ஊரில் ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை.

படத்தை வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "காச படிச்சவரு நீங்கதானே சாமி?" என்றார். வெளியே வந்தபோது நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு துணி முடிச்சு. வயலில் கிடைத்த பழைய காசு, கம்பெனிக் காசு, ஓட்டைக் காலணா.

"எங்க கெணத்துக்கும் இன்னா கேக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க சார்."

நான் அப்படிப் பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெயிலில், நல்ல பகலில், வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற சாதாரண மனிதர்கள். திரும்பிப் பார்க்காமல் பஸ் ரோட்டுக்கு நடந்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அந்தச் சின்ன உருவம் வளர்ந்த ஆள்தான், தோற்றவன்தான், எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். சரியாகச் சொன்னதால் ஒரு குழந்தை பிழைத்தது. சரியாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் கிணற்றுக்குள் இறங்கினார். ஊருக்குத் திரும்பியதும் புத்தகத்தைப் பரணில் போட்டேன். காசு என்று யார் வந்தாலும் எனக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

தாய்மாமன் வந்து குழந்தையைப் போளூருக்கு அழைத்துப் போனார். பெரியப்பா கிணற்றில் வேலை பார்க்கும்போது தவறிவிட்டார் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று என் மனைவி அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எண்பதுகளின் பாதியில் கலர் பிலிம் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டிருந்தது. ஒரு நாள் காலையில் பச்சைத் தாவணி கட்டிய ஒரு பெண் ஸ்டூடியோ படியேறி வந்து, "அத்த இருக்காங்களா?" என்று கேட்டாள். மனைவி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் போட்டோ வேண்டுமாம். மாமன் எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றாராம், அவள்தான் இங்கேயே எடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறாள்.

முக்காலியில் உட்கார்ந்து தாவணியைச் சரிசெய்தாள். பிறகு பர்ஸிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தாள். சாயம் போய் வெளுத்திருந்தது.

"மாமா, உங்களுக்குக் காசு பாக்கத் தெரியும்னு பெரியப்பா சொல்லுவாரே. இது பெரியப்பா குடுத்தது. இதுல சின்னதா இருக்கறது யாரு?"

உள்ளங்கையில் வாங்கினேன். அதை நான் மறந்திருக்கவில்லை. மரத்தின் இலைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. குழந்தை என்று சொன்னால் என்ன வரும், ஆள் என்று சொன்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேஞ்சுபோச்சும்மா. ஒண்ணும் தெரியல."

அவள் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கின் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, யாரும் சொல்லித் தராமலே, அதைச் சாய்த்துப் பிடித்தாள்.

"எனக்கு நல்லாத் தெரியுதே மாமா. இது நான். இது பெரியப்பா. கையப் புடிச்சு இட்டுனு வராரு பாருங்க. உங்க கடைக்குத்தான் இட்டுனு வராரு, அன்னைக்குப் புதுப் பாவாட போட்டு."

மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"இங்க பாரும்மா," என்றேன்.

அவள் காசைக் கைக்குள் மூடிக்கொண்டு நேராகப் பார்த்தாள்.